நசீம் ஷா: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளும் என் பதில்களும்

பாகிஸ்தான் கிரிக்கெட் அணி ஆடும் ஆட்டம் ஏதாவது நடந்தால் போதும், என்னிடம் யாராவது நசீம் ஷாவைப் பற்றி ஒரு கேள்வி கேட்டுவிடுவார்கள். பாதிப் பேருக்கு 2022 ஆசியக் கோப்பையில் அவர் அடித்த அந்த இரண்டு சிக்ஸர் மட்டும்தான் ஞாபகம், மீதிப் பேருக்கு அவருடைய வயதில் சந்தேகம். தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டதால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

யார் இவர்? ரெண்டு வரியில் சொல்லுங்கள்.

பாகிஸ்தானின் வலதுகை வேகப்பந்து வீச்சாளர். ஆப்கான் எல்லையை ஒட்டிய கைபர் பக்துன்க்வா மாகாணத்தில் லோயர் திர் என்ற மலை மாவட்டத்துக்காரர். 2019 நவம்பரில் பிரிஸ்பேனில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக டெஸ்ட் ஆட இறங்கியபோது வயது 16. ஆஸ்திரேலிய மண்ணில் அவ்வளவு சின்ன வயதில் அதற்கு முன் யாரும் முதல் டெஸ்ட் ஆடியதில்லை.

அந்த 16 வயது உண்மையா?

பதிவில் இருக்கும் பிறந்த தேதி 2003 பிப்ரவரி 15. அவர் அணிக்கு வந்த நாளிலிருந்தே இந்தச் சந்தேகம் ஓடிக்கொண்டிருக்கிறது. 2020 தொடக்கத்தில் 19 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பை அணியிலிருந்து அவரை விலக்கிக்கொண்டபோது 'பார்த்தீர்களா' என்று சிலர் குதித்தார்கள். பாகிஸ்தான் கிரிக்கெட் வாரியம் சொன்ன காரணம் எளிமையானது: டெஸ்ட் ஆடிக்கொண்டிருப்பவனை ஜூனியர் போட்டிக்கு எதற்கு அனுப்ப வேண்டும்?

பாகிஸ்தான் கிரிக்கெட்டில் இப்படிக் கேட்பது புதிதும் இல்லை. 1996ல் ஹசன் ராஸா 14 வயதில் டெஸ்ட் ஆடியதாகப் பதிவு இருக்கிறது, அந்த வயதையும் இன்று வரை விவாதித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஆகிப் ஜாவேத் ஆட வந்தது 16ல், முகமது ஆமிர் 17ல். பையன்களை வளரவிட்டு எடுப்பதில் அந்த ஊருக்குப் பொறுமை கிடையாது. ஐசிசி 2020 கடைசியில்தான் சர்வதேச ஆட்டத்துக்குக் குறைந்தபட்ச வயது 15 என்று வரம்பு வைத்தது. நசீம் விஷயத்தில் பதிவேட்டு வயதைத்தான் நான் எடுத்துக்கொள்கிறேன். இரண்டு வருடம் கூட்டிப் போட்டாலும் 18 வயதுப் பையன்தானே? அவன் உடம்புக்கு நடந்தது எதுவும் அதனால் மாறப்போவதில்லை.

திர் மலையிலிருந்து லாகூருக்கு எப்படி வந்தார்?

அங்கே எல்லாரும் வரும் வழியில்தான், டேப் பால். டென்னிஸ் பந்தின் மேல் எலெக்ட்ரீஷியன் டேப்பை இறுக்கிச் சுற்றி, தெருவிலும் காய்ந்த ஆற்றுப்படுகையிலும் ஆடுவார்கள். அந்தப் பந்து சும்மா போட்டால் ஒன்றும் செய்யாது, வேகமாகப் போட்டால்தான் பலன். அதனால் சின்ன வயதிலேயே தோளையும் மணிக்கட்டையும் முறுக்கி எறியப் பழகிவிடுகிறார்கள். அந்த வேகத்தோடு லாகூர் வந்து அப்துல் காதிர் அகாடமியில் சேர்ந்தார். லெக் ஸ்பின் மேதை நடத்திய இடத்தில் ஒரு வேகப்பந்துப் பையன்! காதிரின் மகன் சுலைமான் காதிர்தான் அவரைத் தட்டிக்கொடுத்து வளர்த்தது. 2018ல் ஒரு வங்கி அணிக்காக முதல்தர ஆட்டத்தில் இறங்கியபோது வயது 15. கொஞ்ச நாளிலேயே முதுகு போய்விட்டது. அந்தக் கதைக்குக் கீழே வருகிறேன்.

முதல் டெஸ்டுக்கு முன்னால் அம்மா இறந்தது, அது என்ன நடந்தது?

டெஸ்ட் தொடங்கப் பத்து நாள்கூட இல்லை. பெர்த்தில் ஆஸ்திரேலியா 'ஏ' அணியோடு பயிற்சி ஆட்டம் நடந்துகொண்டிருந்தபோது சேதி வந்தது. பெர்த்திலிருந்து விமானம் பிடித்து, மாறி மாறி ஏறி, அப்புறம் மலைப்பாதையில் ஊர் போய்ச் சேர்வதற்குள் அடக்கம் முடிந்துவிடும். வீட்டில் பேசி, அங்கேயே இருந்துவிடுவது என்று முடிவானது. அணியே கையில் கறுப்புப் பட்டை கட்டி ஆடியது. அதே ஆட்டத்தின் கடைசி நாள் இவர் வந்து பந்து போட்டார். இதைத் தைரியம் என்று எல்லாரும் எழுதினார்கள். எனக்கு அந்தச் சொல்லில் முழுத் திருப்தி இல்லை. 16 வயதுப் பையன் அந்நிய ஊரில், ஹோட்டல் அறையில் உட்கார்ந்து வேறு என்ன செய்திருக்க முடியும்?

பிரிஸ்பேனில் அறிமுகத் தொப்பியைக் கையில் கொடுத்தவர் முன்னாள் வேகப்பந்து நட்சத்திரம் வக்கார் யூனிஸ். அடுத்து டேவிட் வார்னர் 56ல் இருக்கும்போது நசீம் பந்து மட்டையின் விளிம்பைத் தொட்டுக் கீப்பரிடம் போனது. முதல் டெஸ்ட் விக்கெட், அதுவும் வார்னர். பையன் முகத்தில் சிரிப்பு வந்து முடிவதற்குள் மூன்றாம் நடுவர் ரீப்ளேயைப் பார்த்து நோ-பால் என்றுவிட்டார். கோட்டுக்குப் பின்னால் காலின் எந்தப் பகுதியாவது இருக்கிறதா இல்லையா என்று தேடும் அளவுக்கு நூலிழை. இதில் வேடிக்கை, அந்த நாளில் மட்டும் நடுவர்கள் கவனிக்காமல் விட்ட நோ-பால்கள் 21 என்று ஆஸ்திரேலியத் தொலைக்காட்சி எண்ணிக் காட்டியது. அத்தனையும் தப்பிப் போன நாளில் இது மட்டும் மாட்டியது. ஆனாலும் வார்னரை எடுத்தது கடைசியில் இவர்தான், 154 அடித்த பிறகு, அதே மாதிரி கீப்பர் கேட்ச். பாகிஸ்தான் இன்னிங்ஸ் தோல்வி, இவருக்கு அந்த ஒரே விக்கெட். அடுத்த டெஸ்டில் இடமில்லை.

சாதனைகள் என்ன என்ன?

இரண்டைச் சொல்கிறேன், மற்றதெல்லாம் அப்புறம்.

முதலாவது 2019 டிசம்பர், கராச்சி. பத்து வருடம் கழித்துப் பாகிஸ்தான் மண்ணில் டெஸ்ட் திரும்பிய தொடர், வந்தது இலங்கை அணி. 476 இலக்கு, ஓஷத பெர்னாண்டோ சதம் அடித்துக் கொஞ்சம் பயம் காட்டினார். கடைசி நாள் காலை 212க்கு 7 என்று தொடங்கிய இலங்கை, ஒரு ரன்கூடச் சேர்க்காமல் 16 பந்தில் மூட்டை கட்டியது. நசீம் 31 ரன்னுக்கு 5 விக்கெட். டெஸ்டில் 5 விக்கெட் எடுத்த மிக இளைய வேகப்பந்து வீச்சாளர் என்ற பெயரை ஆமிரிடமிருந்து பறித்தார். அப்போது 17வது பிறந்த நாளுக்கே இன்னும் இரண்டு மாதம் பாக்கி.

இரண்டாவது 2020 பிப்ரவரி 9, ராவல்பிண்டி, எதிரில் வங்கதேசம். நஜ்முல் ஹுசைன் ஷாந்தோ எல்பிடபிள்யூ. இரவுக் காவலாக வந்த தைஜுல் இஸ்லாமும் எல்பிடபிள்யூ. மஹ்முதுல்லா வெளியே போகும் பந்தைத் துரத்தி ஸ்லிப்பில் கொடுத்தார். அடுத்தடுத்த மூன்று பந்தில் மூன்று விக்கெட், ஹாட்ரிக். டெஸ்டில் ஹாட்ரிக் எடுத்தவர்களில் இவரைவிட இளையவர் கிடையாது. 17வது பிறந்த நாளுக்கு இன்னும் ஆறு நாள். அந்த ஆட்டத்திலேயே காயம் என்று வெளியே போனதும் நடந்தது, அதை யாரும் பெரிதாகப் பேசவில்லை.

ஏன் எப்போதும் காயம்? பயிற்சி போதாதா?

அதிகம் வரும் கேள்வி இது. 'உடம்பைப் பார்த்துக்கொள்வதில்லை' என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போகிறார்கள், கேட்கவே எரிச்சலாக இருக்கும்.

வேகப்பந்து வீசும்போது முன்கால் தரையில் குத்தும் அந்த ஒரு கணத்தில், உடம்பு எடையைப் போலப் பல மடங்கு விசை காலில் ஏறி முதுகுக்குப் போகிறது. அதே நேரத்தில் இடுப்புக்கு மேலே உடம்பு பக்கவாட்டில் வளைந்து முறுக்கவும் செய்கிறது. வலதுகை வீச்சாளருக்குப் பெரும்பாலும் கீழ்முதுகின் இடது பக்க எலும்பில்தான் இந்தப் பாரம் இறங்கும். கம்பியை ஒரே இடத்தில் மடக்கி மடக்கி நிமிர்த்தினால் என்ன ஆகும்? அதுதான் அங்கேயும், மயிரிழை விரிசல். விழுந்து உடைந்த எலும்பு மாதிரி ஒரு நாளில் தெரியாது. முதலில் லேசான வலி, தைலம் தடவி ஆடுவான், அப்புறம் ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் மாதக்கணக்கில் ஓய்வு. முதுகெலும்பு முழுசாக இறுகுவதே இருபதுகளில்தான் என்பதால் பதின்ம வயதுப் பையன்களுக்கு இது சுலபமாக வருகிறது. அதற்காகத்தான் இங்கிலாந்தில் இளம் வேகப்பந்து வீச்சாளர்கள் ஒரு ஸ்பெல்லில், அதாவது இடைவெளி விடாமல், எத்தனை ஓவர், ஒரு நாளில் எத்தனை ஓவர் போடலாம் என்று வயதுவாரியாக வரம்பே வைத்திருக்கிறார்கள்.

நசீமுக்கு முதல் தடவை இது வந்தது டெஸ்ட் ஆடுவதற்கு முன்பே. குவெட்டா கிளாடியேட்டர்ஸ் அணி அவரைப் பாகிஸ்தானின் டி20 லீக்கான பிஎஸ்எல்லுக்கு 2019ல் எடுத்துவைத்தும் முதுகு காரணமாக ஆட முடியவில்லை. அந்த இடத்தில் வந்தவர் முகமது ஹஸ்னைன், இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் ஒரு மட்டையோடு திரும்ப வருவார்.

ஒப்பிட்டுப் பார்க்க ஆஸ்திரேலிய வேகப்பந்து வீச்சாளர் பேட் கம்மின்ஸ் போதும். 2011 நவம்பரில் 18 வயதில் ஜோகன்னஸ்பர்க்கில் முதல் டெஸ்ட், இரண்டாம் இன்னிங்ஸில் 79 ரன்னுக்கு 6 விக்கெட், வெற்றி ரன்னும் அவரே அடித்தார். அடுத்த டெஸ்ட் எப்போது? 2017 மார்ச், ராஞ்சி. நடுவில் ஐந்து வருடத்துக்கு மேல். அந்தக் காலத்தில் ஆஸ்திரேலியா அவருக்கு அவ்வப்போது வெள்ளைப்பந்து ஆட்டம் மட்டும் கொடுத்தது, முதுகு தயாராகும் வரை டெஸ்டுக்குக் கூப்பிடவில்லை. வந்த பிறகு தொடர்ந்து ஆடி கேப்டனாகவும் ஆனார். நசீமுக்கு அந்தக் காத்திருப்பைக் கொடுக்க யாருக்கும் மனசு வரவில்லை. என் வருத்தம் இவ்வளவுதான்.

2021ல் ஆளையே காணோமே?

2021 ஜனவரியில் நியூசிலாந்து டெஸ்டோடு வெளியே போனார். அந்த வருடம் பிஎஸ்எல்லிலும் ஒரு கோமாளித்தனம். கொரோனா காலம், அபுதாபி போகும் முன் ஹோட்டலுக்கு வரும்போது 48 மணி நேரத்துக்குள் எடுத்த பரிசோதனைச் சீட்டு வேண்டும், இவர் பழைய சீட்டோடு வந்து நின்றார். வீட்டுக்கு அனுப்பினார்கள், அப்புறம் மனமிரங்கிச் சேர்த்துக்கொண்டார்கள். அடுத்த டெஸ்ட் 2022 மார்ச்சில், அதுவும் ஹாரிஸ் ரவுஃபுக்குக் கொரோனா வந்ததால் காலியான இடத்தில். பிறகு லாகூரில் ஆஸ்திரேலியாவின் முதல் இன்னிங்ஸில் இவர் 4 விக்கெட், சக வேகப்பந்து வீச்சாளர் ஷாஹீன் அஃப்ரிடி 4. திரும்பி வந்த நசீம் கொஞ்சம் வேறு ஆள், எடுத்தவுடன் முட்டித் தள்ளாமல் ஒரே லெங்த்தில் பந்தை இரண்டு பக்கமும் நகர்த்தக் கற்றிருந்தார்.

அந்த இரண்டு சிக்ஸர்?

சரி, வந்துவிட்டோம். 2022 செப்டம்பர் 7, ஷார்ஜா, ஆசியக் கோப்பை. ஆப்கானிஸ்தான் 129 அடித்தது. பாகிஸ்தான் நன்றாகப் போய்க்கொண்டிருந்து திடீரென்று சரிந்தது. 19வது ஓவரில் ஆசிஃப் அலி அவுட், பந்து வீசிய ஃபரீத் அகமதுவோடு கைகலப்பு வரை போனது, மைதானமே கொதித்தது. கடைசி ஓவரில் 11 ரன், கையில் ஒரே விக்கெட், வீசப்போவது ஃபசல்ஹக் ஃபாரூக்கி, ஸ்ட்ரைக்கில் நசீம், மறுமுனையில் ஹஸ்னைன். மட்டையை மாற்றிக்கொள்ள ஹஸ்னைனைக் கேட்டு அவருடையதை வாங்கினார். காலடியில் குத்தும் யார்க்கர் போடப் போய் ஃபாரூக்கியின் முதல் பந்து தரையில் படாத ஃபுல்டாஸாக வந்தது, லாங்-ஆஃபுக்கு மேலே சிக்ஸர். இரண்டாவதும் ஃபுல்டாஸ், அதே பக்கம், சிக்ஸர். மட்டையும் ஹெல்மெட்டும் ஒரு பக்கம் பறக்க ஓடினார். 1986ல் அதே ஷார்ஜாவில் மியாண்டாட் கடைசிப் பந்தில் அடித்த சிக்ஸர் ஞாபகம் வந்தது என்று கேப்டன் பாபர் சொன்னார். அந்த ஒரு முடிவால் இந்தியாவும் போட்டியிலிருந்து வெளியேறியது. அந்த வருடம் பாகிஸ்தானில் பெருவெள்ளம். நிவாரணத்துக்குப் பணம் திரட்ட அந்த மட்டையை ஏலம் விடுவதாகப் பிறகு அறிவித்தார்.

அது குருட்டு அதிர்ஷ்டம்தானே?

ஒரு வருடம் கழித்து, 2023 ஆகஸ்ட் 24, ஹம்பாந்தோட்டை. மறுபடி ஆப்கானிஸ்தான், மறுபடி கடைசி ஓவரில் 11, மறுபடி ஃபாரூக்கி. பந்து போடும் முன்பே மறுமுனையை விட்டு நகர்ந்த ஷதாப் கானை ஃபாரூக்கி ரன்-அவுட் செய்தார், ஆகவே மறுபடி கடைசி ஜோடி. நசீம் ஒரு பந்து மீதமிருக்க ஃபோர் அடித்து 301 இலக்கை முடித்தார். கடைசி ஃபோர் விளிம்பில் பட்டுப் போனது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஃபாரூக்கியை நினைத்தால்தான் பாவமாக இருக்கிறது. 2025ல் ஹாமில்டனில் ஒருநாள் அரைசதம்கூட அடித்திருக்கிறார், அது தோற்ற ஆட்டம் என்பதால் யாரும் கண்டுகொள்ளவில்லை.

2023 உலகக் கோப்பையில் ஏன் இல்லை?

தோள். கொழும்பில் மழையால் இரண்டு நாள் இழுத்த ஆசியக் கோப்பை ஆட்டத்தில், இந்தியாவுக்குப் பந்து வீசும்போது வலது தோளில் காயம். அறுவை சிகிச்சை வரை போனது, அவர் இடத்தில் ஹசன் அலி இந்தியா வந்தார். தன் முதல் ஐந்து ஒருநாள் ஆட்டங்களில் 18 விக்கெட் எடுத்தவர் நசீம். புதுப்பந்தில் ஷாஹீன் ஒரு முனை, நசீம் மறுமுனை என்று கட்டிவைத்த திட்டமே அந்த உலகக் கோப்பையில் குலைந்தது. பாகிஸ்தான் அரையிறுதிக்கு வராததற்கு இது ஒன்றே காரணம் என்று சொல்லமாட்டேன், ஆனால் முதல் பத்து ஓவரில் விக்கெட் விழாமல் அவர்கள் தவித்ததைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

நியூயார்க்கில் அழுதது?

2024 ஜூன் 9, டி20 உலகக் கோப்பை. கோலி உட்பட மூன்று பேரை 21 ரன்னுக்கு எடுத்து, இந்தியாவை 119ல் சுருட்ட உதவியவர். அப்புறம் மட்டையாளர்கள் சொதப்பி, கடைசி ஓவரில் இவர் இரண்டு ஃபோர் அடித்தும் 6 ரன்னில் தோல்வி. ஷாஹீன் தோளில் கை போட்டுக் கூட்டிக்கொண்டு போனார். தன் வேலையை முழுசாகச் செய்து முடித்தவன் அழுதுகொண்டு போவதும், செய்யாதவர்கள் தலையைக் குனிந்தபடி நழுவுவதும் எல்லா அலுவலகத்திலும் பார்க்கிறதுதான்.

டெஸ்ட் அணியிலிருந்து ஏன் தூக்கினார்கள்?

2024ல் 'தி ஹண்ட்ரட்' என்ற 100 பந்து லீக்கில் ஆட இங்கிலாந்து போக வாரியம் அனுமதி மறுத்தது, பணிச்சுமையைக் காரணம் காட்டி. நல்ல சம்பளம் போனது போகட்டும், உடம்பு மிச்சம் என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் மிச்சம் பிடித்த உடம்பை என்ன செய்தார்கள்? அக்டோபரில் முல்தானில் தார்ச்சாலை மாதிரி ஒரு பிட்சில் இங்கிலாந்து 823 அடித்தது, நசீம் 31 ஓவரில் 157 கொடுத்து 2 விக்கெட். உடனே பாபர், ஷாஹீன், நசீம் மூவரையும் உட்காரவைத்தார்கள். அதே பிட்சை ராட்சத மின்விசிறி வைத்துக் காயவைத்து, அடுத்த ஆட்டத்தில் சுழற்பந்து வீச்சாளர்கள் நோமான் அலியும் சாஜித் கானும் 20 விக்கெட்டையும் எடுத்து ஜெயித்தார்கள். முடிவு சரி என்று ஆகிவிட்டது, யாரும் வாய் திறக்க முடியாது. ஆனால் உள்ளூரில் பிட்ச் இப்படித்தான் என்றால் அங்கே வேகப்பந்து வீச்சாளனுக்கு டெஸ்டில் என்ன வேலை இருக்கிறது, சொல்லுங்கள்.

தம்பிகளும் ஆடுகிறார்களாமே?

ஆமாம், ஹுனைன் ஷா, உபைத் ஷா, இருவரும் வேகப்பந்துதான். உபைத் 2024 ஜூனியர் உலகக் கோப்பையில் 18 விக்கெட் எடுத்தார். ஹுனைன் கதை இன்னும் சுவை. 2024 பிஎஸ்எல் இறுதி ஆட்டம், இஸ்லாமாபாத் யுனைடெட், கடைசி ஓவர். அண்ணன் நசீம் கிட்டத்தட்ட முடித்துவிட்டு ஐந்தாவது பந்தில் கேட்ச் கொடுத்துப் போகிறார். இறங்குவது தம்பி ஹுனைன். மீதி ஒரே பந்து. ஃபோர். கோப்பை.

ஒரே ஒரு ஓவர் பார்க்க நேரம் இருக்கிறது, எதைப் பார்க்க?

சிக்ஸர் அடித்த ஓவரை எல்லாரும் பார்த்திருப்பீர்கள், அதை விடுங்கள். 2022 ஆகஸ்ட் 28, துபாய், அவருடைய முதல் டி20 சர்வதேச ஆட்டம், இந்தியாவோடு. முதல் ஓவரிலேயே ராகுலை அவர் சந்தித்த முதல் பந்தில் போல்டாக்கியவர், கோலிக்கு ஸ்லிப்பில் ஃபகர் விட்ட கேட்சும் அவர் பந்துதான். நான் சொல்வது அதையும் அல்ல, 18வது ஓவர். துபாய் ஆகஸ்ட் புழுக்கத்தில் கால் தசை பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிடுகிறார். பிசியோ வந்து காலை நீவிவிடுகிறார், எழுந்து நொண்டிக்கொண்டே ரன்-அப் முனைக்குப் போகிறார். ஜடேஜாவுக்கு எல்பிடபிள்யூ கொடுக்கப்பட்டு, ரீவ்யூவில் பந்து ஸ்டம்பைத் தவறுகிறது என்று திரும்பிப் போகிறது. மறுபடி நொண்டல், மறுபடி ஓட்டம், ஒவ்வொரு பந்து முடிந்ததும் முகத்தைச் சுளித்துக் காலைப் பிடிக்கிறார். அந்த ஓவரிலேயே ஜடேஜா ஒரு சிக்ஸரும் அடித்தார். ஓவர் முடிந்ததும் கேமரா அவர் பின்னாலேயே கொஞ்ச நேரம் போகும், இடதுகாலை இழுத்து இழுத்து நடந்துபோகிற ஒரு 19 வயதுப் பையன்.